பக்கத்துத் தொட்டி

முப்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதுகூட முடியவில்லை சங்கரவடிவுக்கு. மேசைமேல் கறுப்புத் துணி போட்டு மூடிய கண்ணாடித் தட்டு. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உரித்த இலைத்தோல் துண்டுகள் இரண்டு சாயத்தில் மிதந்துகொண்டிருந்தன. மணி இரண்டு முப்பத்தைந்து. மூன்று ஐந்துக்குத்தான் துணியை எடுக்கலாம், முன்னால் எடுத்தால் வெளிச்சம் பட்டுச் சாயம் பாழ், சாயம் பாழானால் திரும்பவும் முதலிலிருந்து, முதலிலிருந்து தொடங்க இன்றைக்கு நேரம் ஏது, ஐந்து மணிக்குள் படம் கட்டுரை அனுப்பியிருக்கிற வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, மூலையில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. மைக்ராஸ்கோப்பின் விளக்குப்பெட்டி தன் பாட்டுக்குச் சூடேறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது, அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி முழங்காலுக்கு வந்து, அங்கிருந்து கடைவாய்ப் பல்லில் போய் நின்றது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கறுப்பாக இருக்க வேண்டும் சாமி, இந்தத் தடவையாவது கறுப்பாக இருக்க வேண்டும். ஊர் உலகத்தில் எல்லாரும் வெளிச்சம் வேண்டும் வெளிச்சம் வேண்டும் என்று கும்பிடுகிறார்கள், இங்கே ஒருத்தி உட்கார்ந்து இருட்டு வேண்டும் என்று கும்பிடுகிறாள், எந்தச் சாமிக்குத்தான் இது விளங்கும். திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது பச்சை. சாயம் பழசு என்று நினைத்துக்கொண்டாள். புதன்கிழமையும் பச்சை. கழுவ மறந்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டாள்; மறக்கவில்லை என்று கைக்குத் தெரியும், இருந்தாலும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. இன்றைக்கு வெள்ளி. சாயம் புதுசு, தட்டு புதுசு, கையுறை புதுசு, எத்தனை தடவை கழுவ வேண்டும் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. இனிப் பழி போடுவதற்கு அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

இத்தனைக்கும் என்ன பெரிய விஷயம், ஒரு வாயு. நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், இரண்டும் கைகோத்துக்கொண்டால் முடிந்தது. செடிக்குள் அது உயிரோடு இருப்பது சில வினாடிகள்தான், பிறந்த இடத்திலிருந்து எட்டின இடத்துக்குப் போய்ச் சேதியைச் சொல்லிவிட்டுச் செத்துவிடும். வேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் இலைக்குத் தகவல் வரும்; இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிற துளை ஒவ்வொன்றுக்கும் உதடு மாதிரி இரண்டு காப்புச் செல்கள், அந்தச் செல்லுக்குள் இந்த வாயு பிறக்கும், பிறந்ததும் உதடு மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரம் தப்பிக்கும். இது புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவளே படம் போட்டு நடத்துகிறாள். அவள் கண்டுபிடித்தது வேறு. காய்கிற செடிக்குப் பக்கத்தில், வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்துக் குளுகுளுவென்று நிற்கிற செடியும் வாயை மூடிக்கொள்கிறது. வேர் தொடவில்லை, இலை தொடவில்லை, தொட்டி தனித் தொட்டி, நடுவில் இருப்பது ஒரு சாண் காற்றுதான். அந்தக் காற்றிலே இந்த வாயுவை அனுப்பி, எனக்குத்தான் முடியலை, நீயாவது பார்த்து நடந்துக்கோ என்று காய்கிற செடி பக்கத்துத் தொட்டிக்குச் சொல்லிவிடுகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் விட்ட செடியின் காப்புச் செல்கள் ஜோடி ஜோடியாகப் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்தாள். நைட்ரிக் ஆக்சைடு பட்டால்தான் அந்தச் சாயம் ஒளிரும், இல்லையென்றால் கறுப்புத்தான். பார்த்தவள் அழுதுவிட்டாள். அதற்கு முந்தின வருஷம்தான் பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்து மூன்று மணி நேரம் கிடந்தார், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, நாங்க என்னத்தம்மா கண்டோம் என்று பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனுஷனுக்கு இல்லாதது ஒரு களைச்செடிக்கு இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. தோன்றினது அப்படியே ஒட்டிக்கொண்டது.

களைச்செடிதான். கானாம்வாழை. வாய்க்கால் ஓரத்தில் மண்டிக் கிடப்பது, அதன் இலையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி லேசாக உரிந்து வரும், அதற்காகவே அதைப் பிடித்தாள். வீட்டுக்காரர் ஆறுமுகநயினாருக்கு இதில் ஒரு நாளும் சிரிப்பு அடங்கியதில்லை. "எங்க அப்பா வயல்ல பிடுங்கி வரப்புல எறிஞ்சதை நீ தொட்டியில வச்சுத் தாலாட்டுத." அவருக்கு பஸ் டெப்போவில் வேலை, டிக்கெட் மெஷின்களுக்குக் கணக்குப் பார்க்கிற அறை. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளே மூக்கைச் சுளிப்பார். "இன்னைக்கு ஆராய்ச்சி நாளா? பத்து பஸ்ஸுக்கு நடுவுல உக்காந்திருக்க என் மேல இல்லாத டீசல் வாசம் உன் சேலையில அடிக்கே." அது டீசல் வாசம் இல்லை, விஞ்ஞான வாசம் என்பாள் அவள். ஆறு வருஷமாக ஒரே கேலி, ஒரே பதில், சேலையை மட்டும் தனியாக ஊறப்போடுவாள். அந்த மனுஷனுக்காவது சிரிப்பு வருகிறது. இவளுக்கு இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது, தட்டை மூடின துணியைப் பார்த்தால் எரிச்சல், சுவரில் ஒட்டின தாளைப் பார்த்தால் எரிச்சல், ஒரு மணி நேரமாக நகராமல் இரண்டு நாற்பத்தொன்றிலேயே நிற்கிற கடிகாரத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறே நிமிஷம்தான் ஆகியிருக்கிறதா. நாசமாய்ப் போக. முப்பத்தொன்பது வயது, பதினோரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர், பேரில் இருக்கிற கௌரவத்தைத் தவிர வேறொரு கௌரவமும் கிடையாது, டாக்டர் பட்டம் கைக்கு வந்தால்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பமே போட முடியும். கடைசி நீட்டிப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஆய்வேட்டை ஒப்படைக்கக் கட்டுரை ஒன்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கட்டுரை ஏற்கப்பட அந்த ஒரு படம் வேண்டும். அந்த ஒரு படம் கறுப்பாக இருக்க வேண்டும்.

எல்லாம் அந்த இரண்டாம் ஆளால் வந்தது. கட்டுரையைப் படித்துப் பார்க்கிற மதிப்பீட்டாளர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். முதல் ஆள் தங்கம், அருமையான பணி என்று எழுதிவிட்டு நாலு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் ஆள் ஒரே ஒரு வரி கேட்டார். அதே அறையில், அதே நாளில், இரண்டு தொட்டிக்குமே தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்தீர்களா? முதலில் படித்தபோது, இது ஒரு கேள்வியா என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் காய்கிற செடியே இல்லை என்றால் யார் சேதி சொல்வது, இரண்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், சாயம் கறுப்பாக இருக்கும், இதைச் செய்து வேறு பார்க்க வேண்டுமா. கேட்டுவிட்டாரே என்று திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தண்ணீர் விட்ட தனித் தொட்டி அவளிடம் இல்லாமலா போயிற்று? இருக்கிறது, முன் அறையில். சோடித் தொட்டிகள் இந்த இருட்டறையை ஒட்டின பின் அறையில், தனித் தொட்டி தாழ்வாரம் தாண்டி முன் அறையில். ஒப்பீட்டுச் செடி காய்கிற செடியின் சேதியைக் கேட்டுவிடக்கூடாது, கேட்கக்கூடாது என்றால் தள்ளித்தானே வைக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை தூரம் கொண்டுபோய் வைத்தாள். எவ்வளவு கவனம் பாருங்கள். முன் அறைக்குத் துறை அலுவலகத்து இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு, அங்கே விளக்குக்குக் கவலையில்லை. பின் அறைக்கு அது கிடையாது. செடி விளக்கு ஒரு நிமிஷம் அணைந்தாலும் இலைத்துளை தானாகவே மூட ஆரம்பித்துவிடும், மைக்ராஸ்கோப் விளக்கு ஒரு தடவை அணைந்தால் ஆறி அடங்கித்தான் திரும்பப் போட முடியும், நம்மூர் கரண்டை நம்பி இதையெல்லாம் செய்ய முடியுமா. அதனால் ஆராய்ச்சி நாளில் மட்டும் காலை ஒன்பதரைக்கே ஜெனரேட்டரைப் போட்டுவிடச் சொல்லி ஏற்பாடு. இதற்காகக் கல்லூரி முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடி எழுத்தில் அனுமதி வாங்கினாள். நாற்பத்து நாலு தடவை செய்தாயிற்று. நாற்பத்தொரு தடவை பின் அறைச் செடி பச்சை, முன் அறைச் செடி கறுப்பு. மூன்று தடவை மட்டும் பின் அறைச் செடியும் கறுப்பு. அந்த மூன்றையும் வழிகாட்டி ஞானதுரை சார் பென்சிலால் அடித்துவிட்டார். "செடிக்கும் மூடு உண்டும்மா. விதை சரியில்லைன்னு எழுதிக்கோ." எழுதிக்கொண்டாள்.

இன்றைக்கு மத்தியானமும் அதே குரல்தான், போனில். ஞானதுரை சார் கெட்டவர் இல்லை. மே மாதம் ஓய்வு பெறுகிறார், பக்கத்துத் தொட்டிக்குச் சேதி சொல்லும் செடி என்று ஏழெட்டுக் கருத்தரங்கில் பேசியிருக்கிறார், பேசும்போது கடைசியில் கைத்தட்டல் விழும் இடம் எது என்று அவருக்கு அத்துப்படி. "வடிவு, ரெண்டு தடவை பச்சையா வந்திடுச்சுன்னு சொல்றே. சரி. மூணாவது தடவையும் அப்படியே வந்தா என்ன பண்ணப்போறே?" தெரியலை சார் என்றாள். "இதுல தெரியாம போக என்னம்மா இருக்கு. முன் ரூம்ல தண்ணி விட்ட செடி நிக்குதுல்ல? அதுல ஒரு இலையைக் கிள்ளிப் படம் எடு. தண்ணி விட்ட செடி தண்ணி விட்ட செடிதானே, அது எந்த ரூம்ல நின்னா அவனுக்கென்ன?" அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "பொய் சொல்லச் சொல்லலைம்மா. நடந்திருக்க வேண்டியதைக் காட்டச் சொல்றேன்." அந்த வாக்கியம்தான் காலையில் சாப்பிட்ட இட்லியோடு சேர்ந்து இன்னும் நெஞ்சுக்குழியில் நிற்கிறது. நடந்திருக்க வேண்டியது. அது பொய் இல்லையோ? பொய்தான். ஆனால் எவ்வளவு சின்னப் பொய், இருபதடி தூரத்துப் பொய், தாழ்வாரத்தைக் கடந்து போய் ஒரு இலையைக் கிள்ளினால் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம், டாக்டர் சங்கரவடிவு என்று பலகை மாட்டலாம். முன் அறை இலை கறுப்பு. பின் அறை இலை பச்சை. இரண்டும் தண்ணீர் குடித்தவை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே விதை, ஒரே குடம். பிறகு ஏண்டி நீ மட்டும் பச்சையாக வந்து என் குடியைக் கெடுக்கிறாய்? உன் பக்கத்தில்தான் யாரும் காயவில்லையே, யார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? துணிக்கு மேலேயே முறைத்தாள். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் நூல் ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அதற்குள் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, திறக்க மாட்டேன், வெளியவே நிக்கேன்." ஜெனரேட்டர் ஓட்டுகிற உச்சிமாகாளி அண்ணன். கதவைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே வந்து மேடத்தின் வேலை கெட்டுவிடும் என்று கல்லூரியில் தெரிந்த ஒரே ஆள். கதவோடு வாயை வைத்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "டீசல் அடியில கிடக்கு. மூணரை வரைக்கும் தாங்கும். பெறவு ஒரு கேன் கொண்டாந்து ஊத்தணும். ஊத்தவா?" சொல்லுதேன் அண்ணே, இருங்க, என்று இவளும் கத்தினாள். போவார் என்று பார்த்தால் போகவில்லை. "பெறவும்மா, மக வந்திருக்கா. பேரனுக்கு வார ஞாயிறு மொட்டை எடுக்கோம். கல்யாணத்துக்குத்தான் நீங்க வரலை, பிள்ளையைப் பாக்கவாவது வந்திட்டுப் போங்க." வாரேன் அண்ணே, கண்டிப்பா வாரேன். "அன்னைக்கும் இப்படித்தான் கண்டிப்பான்னிய." செருப்புச் சத்தம் சரசரவென்று தள்ளிப் போனது. குத்திக்காட்டவில்லை, அவருக்கு அது தெரியாது, உள்ளதைத்தான் சொன்னார், அதுதான் சுருக்கென்று தைத்தது. பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தந்தார், மேடத்துக்குத்தான் முதல் பத்திரிகை என்றார், ஆவணி மாதம், முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம். போகவில்லை. ஏன் போகவில்லை? ஆராய்ச்சி. தொடர்ச்சியாக மூன்று நாள் வைத்திருந்தாள், செடி சரியான பருவத்தில் இருந்தது, தள்ளிப்போட முடியாது என்று வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினாள், அவர் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து சொதி நன்றாக இருந்தது என்றார். அந்த மூன்று நாளும்தான் விளங்காமல் போயிற்று. கல்யாணத்துக்குப் போகாததற்குத் தண்டனை என்றுகூட நினைத்தாள். பென்சிலால் அடித்த மூன்று. விதை சரியில்லை.

அந்த மூன்று நாளும் எப்படி இருந்தது. அமைதியாக இருந்தது. அதுதான் முதலில் ஞாபகம் வந்தது, இந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது தாழ்வாரத்தில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது, அணில் கத்துவது கேட்டது, கரண்ட் போய்விடக்கூடாதே போய்விடக்கூடாதே என்று விளக்குப்பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதிசயமாக மூன்று நாளும் போகவே இல்லை. அண்ணன் லீவு. வாட்ச்மேனுக்கு ஜெனரேட்டரைப் போடத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஆறுமுகநயினார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன, இன்னைக்குக் காலேஜுக்கு மட்டமா? வாசத்தையே காணும்" என்றார், அவள் கடுப்பில் விறுவிறுவென்று உள்ளே போனாள். வாசத்தையே காணும். சேலையைத் தூக்கி மூக்கில் வைத்தாள் இப்போது. அடிக்கிறது. ஜன்னல் இல்லாத இந்த அறைக்குள்ளேயே இவ்வளவு அடிக்கிறது, ஜன்னல் இருக்கிற பின் அறையில், ஜெனரேட்டர்க் குழாய்க்கு நேர் எதிரில், காற்றோட்டம் வேண்டும் என்று அவள் கையாலேயே திறந்துவைத்த ஜன்னலுக்குக் கீழே நிற்கிற தொட்டிக்கு. ஐயோ. செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட், முதலாம் ஆண்டு, சுற்றுச்சூழல் கல்வி. காற்று மாசு. டீசல் எஞ்சின் சூட்டில் காற்றிலிருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து புகைக்குழாய் வழியாக வெளியே வருவது எது? சொல்லுங்க பிள்ளைகளா. நைட்ரிக் ஆக்சைடு மேடம். சத்தமா. நைட்ரிக் ஆக்சைடு மேடம்! பதினோரு வருஷமாக அறுபது பிள்ளைகள் கோரஸாகச் சொல்லியிருக்கிறார்கள், இவள் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு நேரே இங்கே வந்து, அண்ணே ஜெனரேட்டரைப் போடுங்க என்று சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வாயு வேறு, ஆராய்ச்சி நாள் வாயு வேறு என்று மண்டைக்குள் இரண்டு தனித்தனி அலமாரி. விளக்கு அணையக்கூடாது, செடி ஏமாந்துவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. முதல்வரிடம் கெஞ்சி, எழுத்தில். அப்படியென்றால் அந்த முதல் மத்தியானம்? அழுதாளே, அந்த மத்தியானம்? அன்றைக்கும் பல் அதிர்ந்தது. ஓடியது. அன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காய்கிற செடி பக்கத்துத் தொட்டிக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை.

அலாரம் அடித்தது. கை தானாகத் துணியை எடுத்தது, தோலை எடுத்துக் கழுவியது, ஒன்று, இரண்டு, மூன்று, சுவரில் ஒட்டின தாளைப் பார்க்கவே தேவைப்படவில்லை. கண்ணுக்குழாயில் கண்ணை வைத்தாள். பச்சை. ஜோடி ஜோடியாக, இறுக மூடின உதடுகளாக, நாற்பத்தொரு தடவை பார்த்த அதே பச்சை. இத்தனை அழகாக எதற்கு இருக்கிறாய் என்று கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தாள். எடுத்து முடிக்கும்போதே போன். "வந்துச்சாம்மா?" வந்துச்சு சார். "கறுப்புத்தானே?" பச்சை சார். ஞானதுரை சார் மூச்சை விடுவது கேட்டது. "சரி, முன் ரூமுக்குப் போ. மணி மூணே கால்தான் ஆகுது." முன் ரூம் கறுப்பாத்தான் இருக்கும் சார், அங்க புகை போகாது. "என்ன புகை?" அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, ஜன்னல், குழாய், அண்ணன் மகள் கல்யாணம், மூன்று நாள், சேலை என்று குளறிக் குளறிச் சொன்னாள். "வடிவு. இது வேற யாருக்கும் தெரியாதுல்ல?" செடிக்குத் தெரியும் சார் என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள். இல்லை சார் என்றாள். "அப்ப எனக்கும் தெரியாது. நீ இப்ப பண்ணின போன் நான் எடுக்கலை." போனைப் பண்ணியது அவர்தான். வைத்துவிட்டார். பட்டம், பலகை, பதினோரு வருஷம் எல்லாம் தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருபதடி தூரத்தில் தொட்டியில் நின்றுகொண்டிருந்தது. எழுந்தாள். கதவைத் திறந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. தாழ்வாரத்தில் முன் அறை வலது பக்கம். அவள் கால் ஒரு அடி வலது பக்கம் வைத்தது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. நின்றாள். பிறகு இடது பக்கம் திரும்பி, வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க." உச்சிமாகாளி கேனோடு நின்றார். "முடிஞ்சிட்டாம்மா?" முடிஞ்சிட்டு. அவர் எதையோ இழுத்தார், தடதடப்பு தள்ளாடித் தள்ளாடி அடங்கியது, அடங்கினதும் காது இரண்டும் ஙொய்யென்றது. குழாய்க்கு எதிரில் பின் அறைச் சுவர் ஆளுயரத்துக்குக் கரிப்பிடித்துக் கிடந்தது, ஆறு வருஷமாக அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். "அண்ணே, நீங்க ஒரு நோட்டு எழுதுவியள்ளா, எப்ப போட்டது, எப்ப நிப்பாட்டினதுன்னு? அதைக் கொஞ்சம் காட்டுங்க." ஷெட்டுக்குள் போய்ப் பாலித்தீன் பைக்குள் சுற்றிவைத்த நீள நோட்டைக் கொண்டுவந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத குண்டு எழுத்து. தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம், காரணம். காரணம் என்ற இடத்தில் செடி மேடம், செடி மேடம், செடி மேடம். அவள் ஆய்வுக் குறிப்பேட்டில் இருக்கிற ஒவ்வொரு தேதியும், அவள் எழுதியதைவிடச் சுத்தமாக. ஆவணிப் பக்கத்தைப் புரட்டினாள். மூன்று வரி. லீவு. மகள் திருமணம். ஓடவில்லை. பக்கத்து ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தார். சங்கரவடிவு அந்த ஷெட் வாசலில் எண்ணெய்ப் பிசுக்கான சிமெண்டுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, சேலை வீணாப் போயிரும்." அது எப்பவோ போயிட்டு அண்ணே. "நான் எதுவும் தப்பா எழுதிட்டனா?" முகம் பயந்துபோயிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினாள். இந்தக் கட்டடத்தில் ஆறு வருஷமாக உண்மையை எழுதினது நீங்கள் ஒருத்தர்தான் என்று சொல்ல நினைத்தாள், சொன்னால் அழுதுவிடுவோம் என்று சொல்லவில்லை. பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தாள். பச்சைப் படத்தை அனுப்புவாள், இந்தப் பக்கங்களை அனுப்புவாள், பென்சிலால் அடித்த மூன்றையும் சேர்த்து அனுப்புவாள், நாங்கள் சொன்னது தவறு என்று கீழே ஒரு வரி. அந்த இரண்டாம் ஆள் படித்துவிட்டு என்ன நினைப்பாரோ. மணி மூன்று ஐம்பது. எழுதிவிடலாம். பட்டம் போச்சு, அது நன்றாகத் தெரிந்தது. "இதை எதுக்கும்மா படம் எடுக்கிய?" வெளிநாட்டுக்கு அனுப்பப் போறேன் அண்ணே, இதுதான் ஆராய்ச்சி. அவர் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அப்ப என் பேரு அதுல வருமா?" வரும் என்றாள். "நெசமாவா?" நெசமா. போனில் எழுத ஆரம்பித்தாள், ஒரு எழுத்தை இரண்டு தடவை அடித்தாள், நிமிர்ந்தாள். "இனிஷியல் என்ன அண்ணே?"